ஒப்படைக்கும் நாள்: செவ்வாய்

வியாழன்தோறும் பதினொரு நிமிடம் தாமதமாக
அராஓஸ் தெருவில் ஐந்தாம் மாடிக்குப் போகிறேன்.
பத்து நிமிடமல்ல, பன்னிரண்டுமல்ல.
தற்செயல் என்றேன்.
டாக்டர் இத்துரால்தே ஒன்றும் சொல்லவில்லை.
அவருடைய மௌனத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

இந்த புவனோஸ் அயர்ஸில்
யாரைக் கேட்டாலும் ஒரு மனவைத்தியர் பெயர் சொல்வார்கள்.
என் இறைச்சிக்கடை பெனிக்னோகூட
ஈரலை நறுக்கிக்கொண்டே விளக்குவான்:
"கீழ்வீட்டில் ஒருவன் கூரையை இடிக்கிறான்.
மேல்வீட்டுக்காரி தடியால் தரையைத் தட்டுகிறாள்.
நடுவில் குடியிருப்பவன் இரண்டு பேருக்கும் சிரித்துவிட்டு
ஜன்னலில் பூந்தொட்டி வைக்கிறான்.
தெருவுக்குத் தெரிவது தொட்டிதான்.
கால் கிலோ போதுமா?"

நான் பல்செட் செய்பவன்.
பிறர் வாய்க்குள் இருபத்தாறு வருடம்.
வலது பக்கம் நோகிறதென்று வருவார்கள்,
கோணல் இடது பக்கம் இருக்கும்.
என் வாயை மட்டும் நான் அச்செடுத்ததில்லை.

அப்பா பிப்ரவரியில் இறந்தார்.
வெயில் முப்பத்தெட்டு டிகிரி.
எனக்கு ஒன்றும் ஆகவில்லை.
சவப்பெட்டிக்கு விலை பேசினேன்,
கைப்பிடிக்குத் தள்ளுபடி வாங்கினேன்,
அழுத அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.
திரும்பும் வழியில், பேருந்தில்,
ஓர் அந்நியன் என் காலை மிதித்தான்.
மன்னிப்பும் கேட்டான்.
மூன்று நிறுத்தம்வரை அவனைத் திட்டினேன்.
என் தொண்டையில் அவ்வளவு குரல் இருப்பதை
அன்றுதான் அறிந்தேன்.

"அந்தச் செருப்பு யாருடையது?" என்றார் டாக்டர்,
ஏழு மாதத்தில் அவர் கேட்ட நாலாவது கேள்வி.
பழுப்புத் தோல், நாற்பத்து மூன்றாம் நம்பர் என்றேன்.
அப்பாவுக்கும் அதே நம்பர்தான் என்பதை
வீட்டுப் படியேறும்போது நினைத்தேன்.
சாவியைத் தேடியதில் மறந்தும்போனேன்.

செப்டம்பரில் ஒருநாள் கடைசி ஆள் நான்.
குடையை மறந்து (அதுவும் தற்செயல்தான்)
திரும்ப ஏறிப்போனதில்
டாக்டரும் நானும் ஒரே லிப்டில் இறங்க நேர்ந்தது.
மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
மின்சாரம் போயிற்று.

"எனக்குக் கொஞ்சமும் பயமில்லை" என்றார்,
நான் கேட்காமலேயே.
பிறகு,
"உங்களுக்குத்தான் பயமாக இருக்கும்,
மூச்சை மெதுவாக விடுங்கள்."
இரைத்தது அவருடைய மூச்சு.
இருட்டில் கைப்பையின் கொக்கி
திறந்து மூடியது, திறந்து மூடியது.

அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.
இஸ்திரி போட்ட குரல்.
சவப்பெட்டிக் கடையில் தள்ளுபடி கேட்ட குரல்.
முழுப் பூசணியைச் சோற்றுக்குள் புதைத்துவிட்டு
சோறு ஏன் இப்படி மேடாக இருக்கிறதென்று
ஊரைக் கேட்கிற குரல்.

சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.
ஒருவர் மழைக்கு ஒதுங்கிய கூரையைப் பிரிக்க
நான் யார்?
"ஆமாம் டாக்டர், பயமாகத்தான் இருக்கிறது" என்றேன்.
அவர் மூச்சு இறங்கியது.
சொன்ன பிறகுதான் தெரிந்தது
நான் பொய் சொல்லவில்லை என்று.

நாற்பது நிமிடம் கழித்து வெளிச்சம் வந்தது.
கூந்தலைச் சரிசெய்துகொண்டு
"வியாழன்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவு பட்டறையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன்.
மருத்துவமனை திருப்பித் தந்த காகித உறை.
உள்ளே, நானே செய்து கொடுத்த மேல்வரிசை.
ஓரத்தில் இருந்த விரிசலை எப்போதோ அடைத்து,
மெருகேற்றி, சீட்டும் கட்டியிருக்கிறேன்:
பெயர், அன்செல்மோ பசுவால்தோ.
ஒப்படைக்கும் நாள், செவ்வாய்.
என் கையெழுத்துதான்.
எந்தச் செவ்வாய் என்று எழுதவில்லை.

மெருகு இயந்திரத்தைப் போட்டுவிட்டேன்.
சக்கரத்தில் எதுவும் இல்லை, சும்மா சுழன்றது
விடியும்வரை.
பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதல்லவா.